தவறான கணினிக்குப் போன விண்டோஸ்

சென்ற வருட விடுமுறையில் எங்கள் வீட்டுக் கணினிக்குப் புதிதாக விண்டோஸ் போட்டுத் தருவதாக நானே முன்வந்தேன். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கிற பிள்ளை என்ற பெருமை வேறு! அந்தக் கணினியில் இரண்டு வன்தட்டுகள். ஒன்றில் பழைய விண்டோஸ்; மற்றதில் குடும்பப் படங்கள். நிறுவும்போது வந்த திரையில் வழமையான சி, டி என்ற எழுத்துகள் இல்லை. டிரைவ் 0, டிரைவ் 1 என்று எண்கள் மட்டுமே இருந்தன. பூச்சியம்தானே முதலாவது என்று நினைத்து அதை அழித்தேன். போனது மர்ஹூமா உம்மும்மாவின் படங்கள். வாப்பா ஏசவில்லை. "வேற எங்கயாவது கொப்பி இருக்கா மகள்?" என்று மட்டும் கேட்டார். இருக்கவில்லை.

அதன் பிறகுதான் இத்தகைய பிழைகளைப் பற்றித் தேடி வாசித்தேன். 2014 மே மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவின் அட்லாண்டா நகரிலுள்ள எமரி பல்கலைக்கழகத்தில் நடந்தது என்னை வியக்க வைத்தது. பெரிய நிறுவனங்களில் ஒவ்வொரு கணினிக்கும் பென் டிரைவைக் கொண்டு திரிய மாட்டார்கள். கணினிகளைக் குழுக்களாகப் பிரித்து, "இந்தக் குழுவுக்கு இந்தப் பணிசெயல் முறைமையை நிறுவு" என்று ஒரு சேவையகத்திலிருந்து வலையமைப்பினூடாகக் கட்டளை கொடுப்பார்கள். எமரியில் விண்டோஸ் 7 நிறுவும் கட்டளை தவறுதலாக எல்லா விண்டோஸ் கணினிகளுக்கும் போய்விட்டது. மேசைக் கணினி, மடிக்கணினி, சேவையகம் என்ற பேதமில்லாமல் அது வன்தட்டை அழித்துப் புதிதாகப் பிரிக்கும் கட்டளை. பிழையைக் கண்டதும் கட்டளை அனுப்பிய சேவையகத்தை நிறுத்தினார்கள். ஆனால் அதற்குள் அந்தச் சேவையகமே தன் கட்டளைக்குத் தானே கீழ்ப்படிந்து அழிந்திருந்தது.

இங்கே மென்பொருளில் எந்தக் கோளாறும் இல்லை. சொன்னதைச் சரியாகவே செய்தது. பிழைத்தது "யாருக்கு?" என்ற ஒரே கேள்விதான்.

இதைத் தடுக்கும் வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது மிக எளிதானது. இத்தகைய கட்டளையை இரண்டு விதமாக அனுப்பலாம். 'கட்டாயம்' என்று அனுப்பினால், கணினிக்கு முன்னால் ஆளில்லாவிட்டாலும் நள்ளிரவில் அது தானாகவே நடந்துவிடும். 'விருப்பம்' என்று அனுப்பினால், அந்தக் கணினியின் முன்னால் ஒருவர் இருந்து ஆரம்பித்து வைக்க வேண்டும். கடவுச்சொல்லும் வைத்துவிட்டால், தவறான குழுவுக்குப் போனாலும் கட்டளை வாசலிலேயே நிற்கும். சோம்பேறித்தனத்தால்தான் பலர் முதலாவதைத் தெரிவு செய்கிறார்கள் என்பது என் எண்ணம்.

மைக்ரோசொப்ட் பிற்காலத்தில் தன் முகாமைத்துவ மென்பொருளில் ஓர் எல்லையையும் வைத்தது. ஆபத்தான கட்டளையொன்றை அனுப்பப் போகும்போது, நிர்வாகி குறித்து வைத்த எண்ணிக்கையை, உதாரணமாக 100ஐ, விடப் பெரிய குழுக்கள் பட்டியலில் தெரியாது. முக்கிய சேவையகங்கள் உள்ள குழுவென்றால் தடுக்கவோ எச்சரிக்கவோ செய்யும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. வலையமைப்பில் ஒரு கணினி பெரும்பாலும் அதன் வலையமைப்பு அட்டையின் மாக் முகவரியால் அடையாளம் காணப்படுகிறது. கேபிள் துளை இல்லாத பத்து மடிக்கணினிகளுக்கு ஒரே யூஎஸ்பி அடாப்டரை மாற்றி மாற்றிச் செருகினால், பத்தும் ஒரே முகவரியோடு வரும். அது அடாப்டருடைய முகவரி, கணினியுடையதல்ல. ஒரே அடையாள அட்டையைப் பத்துப் பேர் காட்டினால் பரீட்சை மண்டபத்தில் என்ன நடக்குமோ, அதுதான் இங்கேயும்.

வீட்டில் இதெல்லாம் தேவையில்லை. இப்போது விண்டோஸ் போடுவதற்கு முன் கணினியை நிறுத்தி, படங்கள் உள்ள வன்தட்டின் வயரைக் கழற்றிவிடுகிறேன். இணைக்காத தட்டை யாராலும் அழிக்க முடியாது. பிறகு திரையில் தெரியும் தட்டின் கொள்ளளவைச் சத்தமாக வாசிப்பேன். பக்கத்துக் கதிரையில் இருக்கும் வாப்பா தன் கொப்பியில் குறித்து வைத்த இலக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, "சரி, அமத்து" என்ற பிறகுதான் அமத்துவேன்.