களைப்பை அளக்கும் 15 வாசகங்கள்

‘பர்ன்அவுட்’ என்பது வேலை பார்ப்பவர்களுக்கு மட்டுமே உரிய சொல் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11-ஆவது பதிப்பு. வாழ்க்கையின் பிற பகுதிகளுக்கு அதைப் பயன்படுத்தக் கூடாதாம். நீட் பயிற்சிக்காக விடிகாலையிலிருந்து இரவு வரை உட்கார்ந்திருக்கும் மாணவி, சம்பளம் வாங்காததால் இந்த வரையறைக்கு வெளியே நிற்கிறாள்.

ஆய்வாளர்கள் அந்த வேலியை முன்பே தாண்டிவிட்டார்கள். வில்மர் ஷௌஃபெலியும் சகாக்களும் 2002-இல் ஸ்பெயின், போர்ச்சுகல், நெதர்லாந்து மாணவர்களிடம் பயன்படுத்திய பர்ன்அவுட் வினாத்தாளில் 15 வாசகங்கள். உடலும் மனமும் வற்றிப்போவது, படிப்பில் பிடிப்பு அற்றுப்போவது, ‘என்னால் முடியும்’ என்ற எண்ணம் தேய்வது ஆகிய மூன்றையும் அது அளக்கிறது.

வில்லங்கம் மூன்றாவதில் இருக்கிறது. தன்னை நல்ல மாணவராகக் கருதுகிறாரா என்பதும் அந்த வாசகங்களில் ஒன்று. தன்மதிப்பை அளக்கும் ரோசன்பெர்க்கின் 10 வாசகங்களும் ஏறக்குறைய இதைத்தான் விசாரிக்கின்றன. இரண்டையும் ஒரே மாணவரிடம் நீட்டிவிட்டு, ‘தன்மதிப்பு குறைந்தவருக்கு பர்ன்அவுட் அதிகம்’ என்று அறிவித்தால், ஒரே கேள்வியை இருமுறை கேட்டு விடை பொருந்துகிறது என்று மகிழ்வதாகவே ஆகும். முதல் இரண்டு பகுதிகளைத் தனியே கணக்கிட்ட பிறகும் தொடர்பு மிஞ்சினால்தான் அது கண்டுபிடிப்பு. ஷௌஃபெலியே பிற்பாடு உருவாக்கிய அளவுகோலில் மூன்றாவது பகுதியைக் கைவிட்டார்.

வாழ்க்கைத் திருப்தியை அளப்பதிலும் சிக்கல் உண்டு. எட் டீனரும் சகாக்களும் 1985-இல் வெளியிட்ட வாழ்க்கைத் திருப்தி அளவுகோலில் ஐந்தே வாசகங்கள். படிப்பைப் பற்றி ஒன்றுமில்லை. ஆனால் மார்க்கைத் தவிர வேறு வாழ்க்கை இல்லாதவர் அதற்கும் மார்க்கை வைத்தே பதில் சொல்வார். மாதிரித் தேர்வில் மார்க் சரிந்தால் தன்மதிப்பும் சரிகிறது. ஈடுகட்டத் தூக்கம் குறைகிறது. களைப்பில் அடுத்த மார்க்கும் சரிகிறது. எது காரணம், எது விளைவு என்பதை ஒரே நாளில் எடுத்த கணக்கெடுப்பு காட்டாது.

நுழைவுத் தேர்வுப் பயிற்சி நகரமான ராஜஸ்தானின் கோட்டாவில், விடுதிகளின் மின்விசிறிகளில் ஸ்பிரிங் பொருத்த 2023-இல் மாவட்ட நிர்வாகம் உத்தரவிட்டது. சாவைத் தடுக்க அது உதவலாம். மார்க், தன்மதிப்பு, தூக்கம் என்ற சுழலின் எந்தக் கண்ணியையும் தொடாது.

எஞ்சிய ஐயங்கள்:

நன்றாகப் படிப்பவருக்கு பர்ன்அவுட் வராதா? வரும்.

மனச்சோர்வும் பர்ன்அவுட்டும் ஒன்றா? இல்லை, ஆனால் சேர்ந்தே வரலாம்.

உயிரை விடும் எண்ணம் வந்தால்? டெலி-மானஸ் மனநல உதவி எண், 14416, கட்டணமில்லை.

ஒரு வாரம் லீவு போதுமா? களைப்பு குறையும், திரும்பி வந்தால் அதே ரேங்க் பட்டியல்.