கட்டு அவிழ்ந்த பிறகு

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் போகும் வழியில் மண்டகப்பட்டு என்ற சிற்றூர் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மகேந்திரவர்ம பல்லவன் அங்கே பாறையைக் குடைந்து மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்தான். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமின்றி அமைத்ததாக அவனுடைய கல்வெட்டு பெருமையுடன் கூறுகிறது. இத்தகைய பாறைகள் நிறைந்த ஊர்களில் சிறுவர்கள் ஏறாமல் இருப்பார்களா? ஏறுகிறவர்களில் ஒருவன் என்றைக்கேனும் வழுக்கி விழுந்து காலை முறித்துக் கொள்வதும் உண்டு.

பாறை பிளந்தால் பிளந்ததுதான். எலும்போ உயிருள்ள பொருள். குழந்தைகளுக்கு அது விரைவிலேயே கூடிவிடும். கூட்டி வைப்பது வைத்தியர் வேலை. கட்டு அவிழ்ந்த பிறகு காலுக்குப் பலம் ஊட்டுவது பெரும்பாலும் வீட்டாரின் வேலை. அங்கேதான் பல குடும்பங்கள் தடுமாறுகின்றன.

மாவுக்கட்டைப் பிரித்ததும் தாயார் திடுக்கிடுகிறாள். கால் மெலிந்து, தோல் உலர்ந்து, மூட்டு விறைத்திருக்கிறது. பல வாரம் வேலையின்றிக் கிடந்த தசை சுருங்குவது இயற்கையே. ஆனால் குழந்தை அடியெடுத்து வைக்க அஞ்சுகிறது. பெற்றோர் அதைவிட அதிகமாக அஞ்சி, இடுப்பிலே தூக்கித் திரிகிறார்கள். "பையனை எழுந்திருக்கவே விடாதீர்கள்" என்று பள்ளிக்கூடத்துக்கும் சொல்லியனுப்புகிறார்கள். இந்த அன்பே காலுக்குப் பகையாகிறது. எலும்பு தன்மீது விழும் பாரத்துக்கேற்பத் தன்னைத் திருத்தி அமைத்துக் கொள்கிறது என்பதை ஜூலியஸ் உல்ஃப் என்ற ஜெர்மானிய வைத்தியர் 1892-ல் விளக்கினார்.

நம் தேசத்துச் சுசுருத சம்ஹிதையும் இவ்விஷயத்தில் வாய்மூடி இருக்கவில்லை. முறிந்த எலும்பு இளமையில் ஒரு மாதத்திலும், நடுவயதில் இரண்டு மாதத்திலும், முதுமையில் மூன்று மாதத்திலும் உறுதிப்படும் என்கிறது. கை முறிந்து தேறுகிறவன் முதலில் மண்ணுருண்டையையும், பிறகு உப்புக் கட்டியையும், பலம் வந்தபின் கல்லையும் பிடித்துப் பழக வேண்டும் என்றும் சொல்கிறது. பாரத்தைப் படிப்படியாக ஏற்று என்பதே இதன் கருத்து. காலுக்கும் அதுவே விதி.

கால் எவ்வளவு பாரம் தாங்கலாம் என்பதை எக்ஸ்ரே பார்த்த டாக்டரிடம் முதலில் கேட்டறிய வேண்டும். அவர் அனுமதித்த பின், படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் செய்யலாம். முழங்காலின் கீழ் சுருட்டிய துண்டை வைத்து, அதை அழுத்தச் சொல்லலாம். அடுத்து, காலை நீட்டியபடி சிறிது உயர்த்தி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தலாம். பிறகு திண்ணை விளிம்பைப் பிடித்து நிற்றல், சுவரோரமாக நடத்தல், கடைசியில் படிகள். ஏறும்போது நல்ல கால் முன்னே. இறங்கும்போது அடிபட்ட கால் முன்னே. ஒரே தடவையாக வெகுநேரம் செய்வதைவிட, சிறிது சிறிதாக நாளைக்குப் பலமுறை செய்வது நலம். சிறு குழந்தைக்குத் தேகாப்பியாசம் என்று சொல்லாதீர்கள். பந்தை உதைக்கச் சொல்லுங்கள். விளையாட்டே அதற்குச் சிறந்த வைத்தியம்.

சில வாரங்கள் விந்தி நடப்பதைக் கண்டு கலங்க வேண்டாம். நாளுக்கு நாள் அது குறைந்து வருகிறதா என்றே பார்க்க வேண்டும். எண்ணெய் தடவி முரட்டுத்தனமாக உருவுவதும், விறைத்த மூட்டைப் பலவந்தமாக மடக்குவதும் ஆகாது. வலியும் வீக்கமும் அதிகரித்தாலும், கால் மரத்தாலும், விந்தல் குறையாவிட்டாலும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

உணவுக்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. நூறு கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. பால், பருப்பு, முருங்கைக்கீரை, முட்டை உண்போர்க்கு முட்டை, இவற்றோடு இளவெயிலும் போதும்.

விழுந்த குழந்தை மறுபடி ஓட விரும்புவது அதன் சுபாவம். நம் அச்சம் அதற்குக் குறுக்கே நிற்காமல் இருக்கட்டும். கையைப் பிடித்து நடத்துவோம். சமயம் வந்ததும் கையை விடவும் தெரிந்து கொள்வோம்.