பலபடியும் மருந்தும்: கோபெச்செக்கின் ஆராய்ச்சி நெறி

முன்னுரை

நோயைத் தீர்க்கும் பொருளே உடலுக்கு ஊறு செய்யும் பொருளாகவும் அமைதல் மருத்துவத்தில் நெடுங்காலமாக அறியப்பட்ட செய்தியாகும். புற்றுநோய்க்குத் தரப்பெறும் மருந்துகளில் இவ் வியல்பு மிகுதியாகக் காணப்படுகின்றது. டாக்சோரூபிசின் என்னும் மருந்தினை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். புற்றணுக்களை அழிக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. ஆயின் அதே மருந்து இதயத் தசையையும் நலிவிக்கின்றது. ஆதலின் ஒருவர் தம் வாழ்நாளில் பெறத்தக்க மொத்த அளவிற்கு மருத்துவர்கள் வரம்பு கட்டியுள்ளனர். உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 450 முதல் 550 மில்லிகிராம் வரை என்பது அவ் வரம்பு. மருந்து பயன் தந்துகொண்டிருக்கும்பொழுதே அதனை நிறுத்தவேண்டிய நிலை இதனால் நேர்கின்றது.

இவ் விடரை நீக்கப் புதிய மருந்து காண்டல் ஒரு வழி. உள்ள மருந்தையே வேண்டிய இடத்திற்கு மட்டும் கொண்டு சேர்த்தல் மற்றொரு வழி. இவ் விரண்டாம் வழியினைத் தம் வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்ட வேதியியலாருள் யிந்திரிச் கோபெச்செக் குறிப்பிடத்தக்கவர். குருதியில் அறுபடாது நின்று, உயிரணுவினுள் புகுந்தபின் அறுபடும் பிணைப்பு ஒன்றினை எங்ஙனம் அமைப்பது என்னும் வினாவே அவர்தம் ஆராய்ச்சியின் நடுவாக விளங்கியது. அவ் வினா தோன்றிய வகையினையும், அதற்குக் கிடைத்த விடையினையும், அவ் விடை மருத்துவமனையில் எய்திய நிலையினையும் இக் கட்டுரையில் ஆராய்வோம்.

சொல்லும் பொருளும்

முதற்கண் சொல்லாட்சி பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். பாலிமர் என்பது 'பல' என்றும் 'பகுதி' என்றும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை. சிறு மூலக்கூறுகள் பல ஒன்றோடொன்று தொடர்ந்து பிணைந்து நெடுஞ்சங்கிலியாகும்பொழுது அதனைப் பாலிமர் என்பர். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இது 'பலபடி' என வழங்கும். இலங்கைப் பாடநூல்களில் 'பல்பகுதியம்' என வழங்கும். பின்னது மூலச்சொல்லின் பொருளை நேரே உணர்த்துவது. முன்னது சொல்லுதற்கு எளியது. இக் கட்டுரையில் நாம் முன்னதனைக் கொள்கின்றோம்.

இத் துறையினை 'மருந்து செலுத்துதல்' என்று பெயர்த்து வழங்குதல் உண்டு. இச் சொல்லாட்சி முழுதும் பொருந்துவதன்று என்பது நம் கருத்து. ஊசி வழியாக மருந்தினை உடலுக்குள் விடுதலும் செலுத்துதலே. ஈண்டு ஆராயப்படுவதோ, உடலுக்குள் புகுந்த மருந்து ஆண்டுப் பரவாது தனக்குரிய இடத்தை அடைதல். செலுத்துதல் அனுப்புவோன் செயலை உணர்த்தும். சேர்ப்பித்தல் சென்றடையும் இடத்தையும் உளப்படுத்தும். ஆதலின் 'மருந்து சேர்ப்பித்தல்' என்பதே பொருளுக்கு இயைந்ததாகும். கோபெச்செக்கின் வினா சேர்ப்பித்தல் பற்றியது என்பதை உணர்ந்தால், அவர் செய்த ஒவ்வொன்றின் காரணமும் தெளிவாகும்.

பிராக் நகரத்துப் பயிற்சி

கோபெச்செக் 1940-ஆம் ஆண்டு செக்கோசுலோவாக்கியாவின் இசுட்ராகோனிட்சே என்னும் ஊரிற் பிறந்தவர். பிராக் நகரில், அந் நாட்டு அறிவியல் கழகத்தைச் சார்ந்த பெருமூலக்கூற்று வேதியியல் நிறுவனத்தில் 1965-இல் முனைவர் பட்டம் பெற்றார். அந் நிறுவனத்தின் தலைவராக விளங்கியவர் ஓட்டோ விக்தெர்லே. அவரும் திரகோசுலாவ் லீமும் நீரை ஏற்று மென்மையுறும் பலபடிகளை உடலுக்குள் பயன்படுத்தலாம் என்பதனை 1960-இல் வெளியிட்டனர். மென்மையான கண்வில்லை அவ் வாராய்ச்சியின் பயனேயாகும். உயிருள்ள உடலோடு பகைக்காத பலபடியை வேதியியலார் தாமே வகுத்தமைக்கலாம் என்னும் எண்ணம் அந் நிறுவனத்தில் வேரூன்றியிருந்தது.

அவ் வெண்ணத்தின் வழிவந்ததே எச்.பி.எம்.ஏ. எனச் சுருங்கக் கூறப்படும் ஐதராக்சிபுரோப்பைல் மெத்தாக்ரைலமைடு. அதன் பலபடியாக்கம் பற்றிய முதற் கட்டுரை 1973-இல் வெளிவந்தது. இதனைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணங்கள் உள. இதன் பக்கக்கிளைகளில் உள்ள அமைடுப் பிணைப்பு நீரால் எளிதிற் சிதையாது. இதன் ஒற்றைப்படி படிகமாகக் கிடைப்பதால் தூய்மை செய்தல் எளிது. இப் பலபடி நீரில் நன்கு கரையும். குருதியின் நீர்ப்பகுதிக்கு மாற்றாகப் பயன்படுத்தும் நோக்குடனே இது முதலில் ஆராயப்பட்டது. ஆகவே, மருந்து ஏற்றுவதற்கு முன்னரே, குருதியில் தீங்கின்றி உலவும் இயல்பு பற்றி இது நோக்கப்பட்டது என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

மருந்து தாங்கியின் அமைப்பு

மைன்சுப் பல்கலைக்கழகத்து ஹெல்முட் ரிங்ஸ்டார்ப் என்னும் செருமானிய வேதியியலார், பலபடி மருந்துக்குரிய அமைப்பினை 1975-இல் வரைந்து காட்டினார். நெடிய பலபடிச் சங்கிலியே முதுகெலும்பு. அதில் கரைதிறன் தரும் பகுதி, மருந்தைத் தாங்கும் பகுதி, இலக்கை நாடிச் செல்லும் பகுதி ஆகியன கிளைகளாக அமைதல் வேண்டும். மருந்துக்கும் முதுகெலும்பிற்கும் இடையே நிற்கும் சிறு தொடரை நாம் 'இடைத்தொடர்' எனக் குறிப்போம். அவ் விடைத்தொடர் யாதாக இருத்தல் வேண்டும் என்பதே ஆராய்ச்சியின் சிக்கலான பகுதி.

இதற்கு விடை வேதியியலில் மட்டும் கிடைக்கவில்லை, உயிரணுவியலிலிருந்தும் வந்தது. சிறு மூலக்கூறு உயிரணுவின் சவ்வினை ஊடுருவிச் செல்லும். நெடிய பலபடி அங்ஙனம் செல்லலாகாது. உயிரணு தன் சவ்வினைக் குழித்து அதனை விழுங்குகின்றது. விழுங்கப்பட்டது இலைசோசோம் என்னும் நுண்பைக்குள் சென்று சேர்கின்றது. 1955-இல் கிறித்தியான் தெ துவ்வால் அறியப்பட்ட இந் நுண்பை, புரதங்களைச் சிதைக்கும் நொதிகள் நிறைந்தது. ஊடுருவ இயலாமை ஒரு குறையாகத் தோன்றினும், அக் குறையே வழியாயிற்று. இலைசோசோமில் உள்ள நொதி மட்டும் அறுக்கவல்ல இடைத்தொடரை அமைத்துவிடின், மருந்து குருதியில் கட்டுண்டு கிடக்கும். உயிரணுவினுள் விடுதலை பெறும்.

இம் முயற்சியில் இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்து ரூத் டங்கனும் ஜான் லாயிடும் கோபெச்செக்குடன் இணைந்தனர். பிராக் நகரில் வெவ்வேறு அமினோ அமிலத் தொடர்கள் கோத்த பலபடிகள் ஆக்கப்பட்டன. கீலில் அவை இலைசோசோம் நொதிகளால் சோதிக்கப்பட்டன. இடைத்தொடர் மிகக் குறுகியதாயின், பருத்த முதுகெலும்பு தடையாக நின்று நொதியை அணுகவிடாது. இரு கிளைசீன்கள் மட்டும் கொண்ட தொடர் இலைசோசோமிலும் அறுபடவில்லை. கிளைசீன், பினைல் அலனீன், லியூசீன், கிளைசீன் என்னும் நான்கும் இம் முறையே நின்ற தொடரோ குருதியில் நிலைத்தது. இலைசோசோமில் கத்தெப்சின் பி என்னும் நொதியால் அறுபட்டது. கட்டுரையின் தொடக்கத்தில் யாம் எழுப்பிய வினாவிற்குரிய விடை இந் நான்கு அமினோ அமிலங்களே.

மருத்துவமனையிற் கண்டது

இவ் விடைத்தொடரால் டாக்சோரூபிசினைப் பிணைத்த பலபடிக்குப் பி.கே.1 என்று பெயரிட்டனர். பிராக், கீல் என்னும் இரண்டு ஊர்ப்பெயர்களின் முதலெழுத்துக்களே அப் பெயராயின. முதற்கட்ட மருத்துவச் சோதனையின் முடிவுகள் 1999-இல் வெளிவந்தன. அதில் 36 நோயாளிகள் பங்குபெற்றனர். டாக்சோரூபிசின் தனித்துத் தரப்படுங்கால் ஒரு சதுர மீட்டருக்கு 60 முதல் 75 மில்லிகிராம் வரை ஒரு முறைக்கு வழங்குதல் மரபு. பலபடியிற் பிணைத்தபொழுது, அதே மருந்தின் அளவிற் கணக்கிட, 320 மில்லிகிராம் வரை உடல் தாங்கியது. ஒருவர்க்கு மொத்தம் 1680 மில்லிகிராம் வரை சென்ற நிலையிலும் இதயச் செயலிழப்புக் காணப்படவில்லை. முன்னர்க் குறித்த வாழ்நாள் வரம்பினை இதனோடு ஒப்பிட்டு நோக்கின், இதன் சிறப்பு இனிது விளங்கும். இதயம் காக்கப்படலாம் என்பதற்கு இச் சிறு சோதனை ஒரு குறிப்பாயிற்று.

ஆயின் புற்றுக்கட்டி அழிந்ததா என்பது வேறு வினா. இரண்டாங்கட்டச் சோதனையின் முடிவுகள் 2009-இல் வெளிவந்தன. மார்பகப் புற்றும் நுரையீரற் புற்றும் உற்றோருள் சிலர்க்குக் கட்டி ஓரளவு சுருங்கியது. பெருங்குடற் புற்று உற்றோருள் எவர்க்கும் பயன் காணப்படவில்லை. பி.கே.1 விற்பனைக்குரிய மருந்தாக ஒப்புதல் பெறவில்லை. நச்சுத்தன்மை குறைதல் ஒன்று. நோய் தீர்தல் மற்றொன்று. முன்னதனை எய்தினார் பின்னதனையும் எய்தினார் எனக் கொள்ளலாகாது.

குறையின் காரணம்

இதன் காரணத்தை ஆராய்தல் வேண்டும். புற்றுக்கட்டியின் குருதிக்குழாய்கள் கசியுந்தன்மையன என்றும், பெருமூலக்கூறுகள் அவற்றின் வழியே கட்டியுள் தங்கும் என்றும் சப்பானியராகிய மத்சுமுராவும் மயேதாவும் 1986-இல் காட்டினர். பலபடி நெடுநேரம் குருதியில் உலவினாலன்றி அங்ஙனம் மிகுதியாகத் தங்குதற்கு வாய்ப்பில்லை. மேலும் இக் கசிவு மனிதர்தம் கட்டிகளில் ஒரேபடியாக இருப்பதன்று.

எச்.பி.எம்.ஏ. பலபடியின் முதுகெலும்பு உடலில் சிதையாது. சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றக்கூடிய அளவினும் பெரியதாயின் அது உடலிலேயே தங்கிவிடும். அவ் வெல்லை மூலக்கூற்று எடையில் ஏறத்தாழ 45,000 முதல் 50,000 வரை. ஆதலின் பி.கே.1 ஏறத்தாழ 30,000 என்னும் அளவிற்கு உட்பட்டே ஆக்கப்பட்டது. பாதுகாப்பின் பொருட்டுக் கொண்ட அச் சிறுமை, அது விரைவில் உடலைவிட்டு நீங்குதற்கும் காரணமாயிற்று.

1980-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்திற்குச் சென்ற கோபெச்செக், இக் குறையினைப் புதிய வினாவாக ஏற்றார். முன்பு பக்கக்கிளையில் வைத்த அதே நான்கு அமினோ அமிலத் தொடரை முதுகெலும்பிலேயே இடையிடையே அமைத்தார். அதனால் பலபடி நெடியதாகிக் குருதியில் நீடித்து உலவும்; பின்னர் நொதிகளால் துண்டுபட்டுச் சிறுநீரகத்தின் வழியே வெளியேறும். இவ் விரண்டாந் தலைமுறைப் பலபடிகள் 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருப்பெற்றன.

அவ் வாண்டிலேயே அவரும் உடனுழைப்பாளரும் மருந்தே இல்லாத ஒரு முறையினையும் வெளியிட்டனர். குருதியின் பி-அணுக்கள்மீது உள்ள ஒரு புரதத்தை நாடிப் பற்றும் எதிர்ப்புரதத் துண்டு முதலிற் செல்லும். அத் துண்டிலுள்ள சிறு தொடரோடு முறுக்கிப் பிணையவல்ல தொடர்களைப் பலவாகத் தாங்கிய பலபடி பின்னே செல்லும். இரண்டும் பிணையவே அணுவின் மேற்புறப் புரதங்கள் ஒன்றாகக் கட்டுண்டு, அணு தானே மடிகின்றது. மருந்தைத் தாங்கப் பிறந்த பலபடி ஈண்டுத் தானே மருந்தின் தொழிலைச் செய்கின்றது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், பலபடி மருந்தின் அருமை முழுதும் ஒரு பிணைப்பின் இயல்பில் அடங்கியுள்ளது என்பது பெறப்படும். அப் பிணைப்பு ஓரிடத்து நிற்கவும் வேண்டும். பிறிதோரிடத்து அறவும் வேண்டும். ஒரு மருந்தின் பெயர் கடைகளில் விளங்கவில்லை என்பது கொண்டு இவ் வாராய்ச்சியை வீண் என்று கூறுதல் பொருந்தாது. 2011-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பிரெண்டக்சிமாப் வெடோட்டின் என்னும் எதிர்ப்புரத மருந்திலும், கத்தெப்சினால் அறுபடும் அமினோ அமில இடைத்தொடரே நஞ்சினைத் தாங்கி நிற்கின்றது. தாங்கி வேறாயினும் நெறி ஒன்றே.

எனினும், அம் மருந்தை நம்பிச் சோதனைக்கு உடன்பட்டுப் பயன் பெறாத நோயாளிகளை மறத்தல் ஆகாது. அவர்கள்பால் கண்ட முடிவுகள் மறைக்கப்படாது வெளியிடப்பட்டமையால், அடுத்துச் செய்யவேண்டுவது யாது என்பதனை ஆராய்வார் தெளிய முடிந்தது. சேர்ப்பித்தல் என்னும் சொல் சென்றடையும் இடத்தையும் உளப்படுத்தும் என்று முன்னர்க் கூறினோம். அவ் விடம் நோயாளியின் நலமே என்று கொண்டால், இத் துறையின் பணி இன்னும் நிறைவுறவில்லை என்பதே நாம் காணும் முடிபாகும்.