பீன்ஸ் பயிரின் தாயகம்

நம் சந்தைகளில் பீன்ஸ் என விற்கப்படும் பச்சைக் காயும், வட இந்தியரின் உணவில் சிறப்பிடம் பெறும் ராஜ்மாவும் ஒரே பயிரினத்தைச் சேர்ந்தவை. இளங்காயாகப் பறித்தால் காய்கறி. முற்றவிட்டு உலர்த்தினால் பயறு. பிரெஞ்சு பீன்ஸ் என வழங்கினும் இதன் தாயகம் பிரான்ஸ் அன்று. நம் நாட்டு அவரை வேறொரு பேரினத்தைச் சேர்ந்தது.

இரு பிறப்பிடங்கள்

ஐரோப்பியத் தாவரவியலார் நெடுங்காலம் இதனை ஆசியப் பயிர் என்றே கருதினர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெரு நாட்டின் அங்கோன் என்னுமிடத்துத் தொல் இடுகாட்டில் கிடைத்த விதைகள் அக்கருத்தை மாற்றின. கொலம்பஸ் 1492இல் அமெரிக்காவை அடைவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அம்மண்ணின் மக்கள் இதனைப் பயிரிட்டு வந்தனர்.

மெக்சிகோவிலும் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பகுதியிலும் இக்காட்டுக்கொடி தனித்தனியே பயிராக்கப்பட்டது என்பது அறிவியலாரின் முடிவு. 1980களில் விதையிலுள்ள பேசியோலின் என்னும் புரதத்தை ஆராய்ந்தபோது, இவ்விரு பகுதி ரகங்களும் வெவ்வேறு மரபினைக் கொண்டவை என்பது உறுதிப்பட்டது.

காட்டுக்கொடியின் நெற்று, முற்றியதும் முறுக்கி வெடித்து விதைகளைச் சிதறச் செய்யும். வெடிக்காத நெற்றுகளின் விதைகளே உழவர் கைக்கு எட்டின; அவையே மீண்டும் விதைக்கப்பட்டன. இவ்வாறு நெற்றின் நார் குறைந்தமையே, பின்னாளில் காயை முழுமையாக உண்பதற்கும் வழி வகுத்தது. 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவை அடைந்த பின்னர் சதைப்பற்றுள்ள காய் ரகங்கள் பெருகின. நம் நாட்டில் நீலகிரி போன்ற மலைப் பகுதிகளில் ஐரோப்பியர் வாயிலாக இக்காய்கறி பரவிற்று.

தாயகம் அறிவதன் பயன்

கடல் கடந்து சென்றவை தாயக வளத்தின் ஒரு சிறு பகுதியே. ஆகவே புதிய நோய்கள் தாக்கும்போது, எதிர்ப்புத் திறனைத் தேடித் தாயகத்து ரகங்களையும் காட்டினங்களையுமே நாட வேண்டியுள்ளது. கொலம்பியாவில் 1967இல் நிறுவப்பட்ட பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை மையம் இவ்விதைகளைப் பல்லாயிரக்கணக்கில் பேணி வருகிறது.

இச்சேமிப்பு உழவர் உரிமைக்கும் அரணாயிற்று. மெக்சிகோவில் வாங்கிய விதைகளிலிருந்து தெரிந்தெடுத்த ஒரு மஞ்சள் நிறப் பீன்ஸுக்கு 1999இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அத்தகைய பீன்ஸைப் பயிரிட்டு வந்த மெக்சிகோ உழவரின் ஏற்றுமதி இதனால் பாதிக்கப்பட்டது. மேற்கூறிய மையம் 2000இல் இதனை எதிர்த்தது. 2009இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றமும் காப்புரிமை செல்லாது என்ற முடிவை உறுதி செய்தது. நீதி கிடைத்தது, எனினும் பத்தாண்டுகள் கழிந்துவிட்டன.

இந்தியாவின் 2001ஆம் ஆண்டுப் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், உழவர் தம் ரகங்களைப் பதிவு செய்துகொள்ள வகை செய்கிறது. இமயமலைச் சிற்றூர்களில் பல நிறங்களில் விளையும் ராஜ்மா ரகங்களைத் திரட்டி, பதிவு செய்து, பேணுதல் இன்றியமையாத பணியாகும். வயலினின்று ஒரு ரகம் மறைந்தபின் அதன்மீதான உரிமையைச் சட்டத்தால் மட்டும் மீட்டுத்தர இயலாது.