வேலையிடத்தில் சொல்லத் தயங்கும் சிறுநீர்ப்பைத் தொல்லை

வகுப்பை விட்டு நகர முடியாத ஆசிரியை, ஓய்வின்றி நோயாளிகளைக் கவனிக்கும் தாதி, கடையில் வரிசையைச் சமாளிக்கும் காசாளர் எனப் பல பெண்கள் வெளியில் சொல்லத் தயங்கும் தொல்லை ஒன்று உண்டு. சிறுநீர் கழிக்க வேண்டும் என்ற உணர்வு திடீரென்று, அடக்க முடியாத அளவுக்கு வருவதே அது. இதனை மிகைச் செயல் சிறுநீர்ப்பை என்பர்.

இது அரிய நோயன்று. கனடாவிலும் நான்கு ஐரோப்பிய நாடுகளிலும் 19,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2006ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், பெண்களில் 12.8 விழுக்காட்டினருக்கு இந்த அறிகுறிகள் இருந்தன. அதாவது, ஏறத்தாழ எட்டுப் பெண்களில் ஒருவர். ஆண்களிடையே இது 10.8 விழுக்காடு. ஆனால், கழிவறையை அடைவதற்குள் சிறுநீர் கசிந்துவிடுவது பெண்களிடையே அதிகம்.

ஏன் ஏற்படுகிறது?

சிறுநீர்ப்பை பொதுவாக 400 முதல் 500 மில்லிலிட்டர் வரை கொள்ளும். அது நிரம்பும்வரை அதன் தசை தளர்ந்திருக்க வேண்டும். இந்தத் தொல்லை உள்ளவர்களுக்கோ, சிறிதளவு சேர்ந்தவுடனேயே தசை சுருங்குகிறது. பகலில் எட்டு முறைக்கு மேல் செல்வதும், இரவில் தூக்கம் கலைந்து எழுவதும் இதன் அறிகுறிகள்.

இதற்குப் பயந்து வேலை நேரத்தில் தண்ணீரே குடிக்காமல் இருப்போர் பலர். இது தவறு. சிறுநீர் அடர்த்தியானால் சிறுநீர்ப்பை மேலும் எரிச்சலடையும். மலச்சிக்கலும் கிருமித் தொற்றும் எளிதில் வரும். "எதற்கும் இருக்கட்டும்" என்று உணர்வு வருமுன்பே அடிக்கடி செல்வதும் நல்லதன்று. குறைந்த அளவுக்கே அவசரப்பட சிறுநீர்ப்பை பழகிவிடும்.

என்ன செய்யலாம்?

முதலில், குடித்த அளவையும் கழிவறைக்குச் சென்ற நேரத்தையும் மூன்று நாள்களுக்குக் குறித்து வைத்து மருத்துவரிடம் காட்டலாம். காப்பி, தேநீர், குளிர்பானங்களைக் குறைப்பது உதவும். கழிவறைக்குச் செல்லும் இடைவெளியைப் பதினைந்து பதினைந்து நிமிடங்களாக நீட்டிப் பழகும் சிறுநீர்ப்பைப் பயிற்சியும், இடுப்பின் அடித்தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியும் முதற்கட்டச் சிகிச்சைகள். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். போதாவிட்டால் மாத்திரைகள் உண்டு. சிலருக்கு அவற்றால் வாய் உலரலாம், மலச்சிக்கல் ஏற்படலாம். அவற்றாலும் குணமாகாதவர்களுக்குச் சிறுநீர்ப்பைத் தசையில் ஊசி போடும் முறையும் உண்டு.

அடிக்கடி செல்வதெல்லாம் இதே நோய் என்று தாமே முடிவுகட்டக் கூடாது. ஒவ்வொரு முறையும் அதிக அளவில் சிறுநீர் போய், தாகமும் கூடினால் அது நீரிழிவாக இருக்கலாம். சிங்கப்பூர், மலேசிய இந்தியர்களிடையே நீரிழிவு பரவலாக இருப்பதால் இரத்தப் பரிசோதனை அவசியம். எரிச்சலோ காய்ச்சலோ இருந்தாலும், சிறுநீரில் இரத்தம் கலந்தாலும் தாமதிக்காமல் மருத்துவரை நாட வேண்டும்.

பிள்ளை பெற்றவள், வயதாகிவிட்டது என்று பொறுத்துக்கொள்ள வேண்டிய விதியன்று இது. சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ சொன்னால், தேவைப்பட்டால் சிறப்பு மருத்துவரிடம் அனுப்புவர். மேலதிகாரிகளுக்கும் பொறுப்புண்டு. கேட்கக் கூச்சப்படாமல் ஓர் ஊழியர் ஐந்து நிமிடம் எழுந்து சென்றுவர முடிந்தால், அவர் தண்ணீரைத் தவிர்த்து உடலைக் கெடுத்துக்கொள்ள வேண்டியிருக்காது.