செஞ்சிக் கோட்டையில் நம் கும்மி: போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை



இந்த வருடக் கலை நிகழ்ச்சியை மண்டபத்தில் வைக்காமல் செஞ்சிக் கோட்டையில் வைக்கலாமா என்று போன கூட்டமைப்புக் கூட்டத்தில் பேச்சு வந்தது. கும்மிக் குழுவும் கோலாட்டக் குழுவும் தயார். "இடிஞ்சு கிடக்கிற கோட்டைதானே, அதுக்கு யாரு கிட்ட போய்க் கேக்கணும்?" என்று சில குழுக்களில் கேட்கிறார்கள். அவசியம் கேட்கணும். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

செஞ்சிக் கோட்டை மத்திய அரசின் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 1958-ம் வருடச் சட்டமும் 1959-ம் வருட விதிகளும் இதற்குப் பொருந்தும். எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் உள்ளே கூட்டமோ கலை நிகழ்ச்சியோ நடத்தக் கூடாது. கண்ட இடத்தில் சமைக்கவோ சாப்பிடவோ கூடாது. சுவரில் ஆணி அடித்து பேனர் கட்டுவது, தூணில் பெயர் கிறுக்குவது எல்லாம் குற்றம். சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 வருடம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று 2010-ல் சட்டத்தைக் கடுமையாக்கினார்கள். அனுமதி இல்லாமல் போய் நின்று, காவலர் வெளியே அனுப்பினால், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்த அத்தனை பேருக்கும் நாம்தான் பதில் சொல்லணும். எனவே கூட்டமைப்புத் தீர்மானத்தின் நகல், தேதி, நேரம், எத்தனை பேர், மைக் உண்டா இல்லையா என்பதையெல்லாம் எழுதி, தொல்லியல் துறையின் சென்னை வட்ட அலுவலகத்துக்கு நாள் இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். அனுமதி கையில் கிடைத்த பிறகுதான் வேனுக்கு முன்பணம் கொடுக்கணும். குழுச் சேமிப்பையோ சுழல் நிதியையோ இதற்குத் தொடவே கூடாது. வருகிறவர்கள் தனியாகப் பணம் போட்டுக்கொள்ளலாம்.

இனி இடத்தைப் பற்றி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளையும் மதில் சுற்றி வளைத்திருக்கிறது. 1677-ல் சிவாஜி பிடித்தார். அவர் மகன் ராஜாராம் இங்கே தங்கியிருந்தபோது மொகலாயப் படை வருடக்கணக்காக முற்றுகையிட்டு 1698-ல்தான் உள்ளே நுழைய முடிந்தது. பிறகு பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கை மாறியது. 2025 ஜூலையில் மராட்டியர் காலக் கோட்டைகள் 12-ஐ யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதில் மகாராஷ்டிராவுக்கு வெளியே உள்ளது செஞ்சி ஒன்றுதான்.

நம் பெண்கள் பார்க்க வேண்டியது அடிவாரத்திலேயே நிறைய இருக்கிறது. கூம்பு மாதிரி அடுக்கடுக்காக எழும் கல்யாண மகால், அதற்கு மண்குழாயில் தண்ணீர் கொண்டுவந்த ஏற்பாடு, பிரமாண்டமான தானியக் களஞ்சியம். களஞ்சியத்தைப் பார்த்தால் சமையல்கட்டை நடத்துகிறவர்களுக்கு அரண்மனையைவிட அதுதான் பிடிக்கும் என்பது என் எண்ணம். ராஜகிரி உச்சி ஏறக்குறைய 800 அடி. மேலே பெரிய பாறைப் பிளவைப் பாலத்தில் தாண்டணும். முட்டிவலி, ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கீழேயே இருந்துகொள்ளுங்கள். ஏறுகிறவர்கள் காலையிலேயே ஏறிவிடணும். பிற்பகல் ஆகிவிட்டால் ஏற விடமாட்டார்கள். குரங்கு அதிகம், கையில் பை தொங்கவிடாதீர்கள்.

அடுத்தது பாட்டு விஷயம். இதில்தான் குழுக்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது. செஞ்சி என்றாலே தேசிங்கு ராஜன் கதைதான். ஆற்காட்டு நவாபு கப்ப பாக்கியைக் கேட்க (பாக்கி என்றால் நமக்குத் தெரியாததா!), தேசிங்கு மறுத்து, சின்னப் படையோடு மோதி 1714-ல் இறந்தார். சின்ன வயசு. அவர் மனைவி உடன்கட்டை ஏறினார். அவர் நினைவாகவே ராணிப்பேட்டை உண்டானது என்று சொல்வார்கள். கும்மியில் அந்த முடிவை "பத்தினி தீக்குளித்தாள்" என்று உயர்த்திப் பாடலாமா என்பதுதான் கேள்வி.

சென்னை மாகாணத்தில் உடன்கட்டை 1830-லேயே தடை செய்யப்பட்டது. 1987-ல் ராஜஸ்தானில் ரூப் கன்வர் என்ற 18 வயதுப் பெண் எரிந்து இறந்த பிறகு வந்த மத்திய சட்டம், உடன்கட்டையைப் புகழ்ந்து பரப்புவதையே குற்றமாக்கியது. ஒரு வருடம் முதல் 7 வருடம் வரை சிறை. நடந்த சரித்திரத்தைச் சொல்வது வேறு, அதைப் பெருமையாகக் கொண்டாடுவது வேறு. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். நம் குழுக்களிலேயே கணவரை இழந்து, தனியாகப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிற எத்தனையோ பேர் வட்டத்தில் நின்று கைதட்டப் போகிறார்கள். அவர்கள் வாயாலேயே அந்த வரியைப் பாட வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. "பாட்டை மாத்தினா பெரியவங்க கோவிச்சுக்குவாங்க" என்று மூத்த உறுப்பினர்கள் சொல்வதையும் தள்ள முடியாது. போர்க்களம் வரை பழைய மெட்டிலேயே பாடிவிட்டு, ராணியின் பகுதியை மட்டும் நாமே புதிதாகக் கட்டலாம் என்பது என் யோசனை.

ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசி, முடிவைத் தீர்மான நோட்டில் எழுதி, வருகிறவர்கள் பெயர்ப் பட்டியலோடு உங்கள் பிரதிநிதியிடம் கொடுத்துவிடுங்கள். விண்ணப்பத்தில் ஆள் கணக்கை எழுதவேண்டும்.