எறிய முன் ஒருமுறை தட்டிப் பாருங்கள்

ஊர் திரும்பியதும் வளவைத் துப்புரவாக்கும் அவசரத்தில் பழைய மேசை, கதிரை, அலுமாரி எல்லாம் விறகுக் குவியலுக்குப் போய்விடுகின்றன. கொஞ்சம் பொறுங்கள். கூரையில்லாத வீட்டில் பல மாரி நனைந்து சாம்பல் நிறமாகிப்போன மரம் பார்வைக்கு மட்டுமே செத்த மரம். முதிரையிலும் தேக்கிலும் செய்த பழைய தளபாடங்களில் மேற்பரப்புப் பழுதாகி, உள்ளே வைரம் அப்படியே இருப்பதுண்டு. அதே மரத்தில் இன்று ஒரு மேசை செய்விக்க என்ன விலை கேட்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

ஆனால் கைவைக்க முன், உங்கள் காணியில் கண்ணிவெடி அகற்றும் பணி முடிந்துவிட்டதா என்பதைக் கிராம அலுவலரிடம் உறுதிப்படுத்துங்கள். முடிந்த இடமென்றாலும் அலுமாரிக் கதவையோ மேசை லாச்சியையோ சட்டென்று இழுக்க வேண்டாம். சந்தேகமான வயரோ உலோகப் பொருளோ கண்ணில் பட்டால் தொடாமல், வந்த வழியே திரும்பிப் போய் அறிவியுங்கள். பதுங்குகுழிகளில் கிடக்கும் பனங்குற்றிகளையும் பலகைகளையும் எடுக்கப் போகாதீர்கள்; பிள்ளைகளை அனுப்பவே வேண்டாம்.

இன்னொன்று. உங்கள் வீட்டில் கிடப்பதெல்லாம் உங்களுடையதாக இராது. இடம்பெயர்ந்த காலத்தில் ஒரு வீட்டுப் பொருள் நாலு வீடு மாறியிருக்கும். கதிரையின் அடியிலும் அலுமாரியின் முதுகிலும் பாருங்கள். பெயரின் முதலெழுத்தோ பாடசாலையின் பெயரோ எழுதப்பட்டிருக்கலாம். சீவுளி பட்டால் அந்த எழுத்துப் போய்விடும். முதலில் அயலவருக்குக் காட்டுங்கள். யாரோ ஒருவருடைய சீதன அலுமாரியாக இருக்கலாம், அவர்கள் இன்னும் வந்து சேராமலும் இருக்கலாம்.

இனி வேலைக்கு வருவோம். விரல் முட்டியால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நல்ல மரம். பொத்தென்று கேட்டால் கறையான் உள்ளே தின்றிருக்கிறது. திருப்புளியால் குத்தும்போது சுலபமாக இறங்கும் பகுதியை வெட்டி எறியுங்கள். மேசையின் ஒரு கால் அடியில் உக்கியிருந்தால் நான்கு கால்களையும் ஒரே அளவுக்கு அறுத்துவிடலாம். சாப்பாட்டு மேசை பிள்ளைகள் நிலத்திலிருந்து படிக்கும் மேசையாகும், அவ்வளவுதான்.

அரிய முன் பழைய வானொலி ஒலிபெருக்கியின் காந்தத்தை மரத்தின் மேல் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். துருப்பிடித்த ஆணியோ ஷெல் துண்டோ உள்ளே இருந்தால் காந்தம் பிடிக்கும். வாளின் பல்லும் தப்பும், உங்கள் கண்ணும் தப்பும்.

நனைந்த மரத்தை வெயிலில் போடாதீர்கள், வெடித்துவிடும். காற்றோட்டமான நிழலில் இரண்டு மூன்று கிழமை கிடக்கட்டும்.

ஆடும் கதிரைக்கு எல்லோரும் செய்வது ஆணி அடிப்பதுதான். அது மரத்தைப் பிளந்து, சில மாதத்தில் இன்னும் மோசமாக ஆட வைக்கும். மூட்டைத் தட்டிக் கழற்றுங்கள். பழைய பசையைக் கத்தியால் முழுவதும் சுரண்டுங்கள். பழைய பசையின் மேல் புதுப் பசை பிடிக்காது. மரப்பசை பூசிப் பொருத்தி, கால்களைச் சுற்றிக் கயிற்றை இரட்டையாகக் கட்டுங்கள். இரண்டு இழைகளுக்கும் நடுவே ஒரு தடியைச் செருகி, கயிறு இறுகும்வரை முறுக்குங்கள். தடியைச் சட்டத்தில் கொளுவி, ஒரு நாள் முழுக்க அசையாமல் விடுங்கள். தச்சரின் இறுக்கிக்கு இதுவே போதுமான மாற்று. வெடிப்புகளை, அரிந்த அதே மரத்தின் தூளைப் பசையில் குழைத்து அடையுங்கள்.

பழைய பெயின்ற் உரிந்திருந்தால் உலர்ந்தபடி தேய்க்க வேண்டாம். பழைய பெயின்றில் ஈயம் இருக்கக்கூடும், அந்தத் தூசு சிறுபிள்ளைகளுக்கு நஞ்சு. தண்ணீரில் நனைத்து, வாய் மூக்கைக் கட்டி, வெளியே வைத்துச் சுரண்டுங்கள். வெறும் மரத்தை முதலில் 80ஆம் இலக்க அரத்தாளாலும் பிறகு 120ஆம் இலக்கத்தாலும், மரத்தின் ரேகை ஓடும் பக்கமாகவே தேயுங்கள்.

நிறம் மங்கிய இடத்துக்குக் கடுஞ்சாயத் தேநீரை இரண்டு மூன்று முறை பூசினால் வெளிறல் குறையும். காய்ந்தபின் வார்னிஷ். பிரம்பு இற்றுப்போன சாய்மனைக் கதிரைக்கு நைலோன் கயிறு பின்னலாம். இரண்டு நிறக் கயிறு எடுத்தால் வீட்டுக்கு ஒரு களை வரும். கிழிந்த சேலையில் உறை தைத்து இலவம் பஞ்சு அடைத்தால் மெத்தைக்குச் செலவே இல்லை.

பழைய தளபாடம் வாங்க லொறியில் வருபவர்களுக்கு அன்றே தலையாட்டாதீர்கள். ஒரு மூலையைத் தேய்த்து என்ன மரமென்று பாருங்கள், ஊரில் தச்சு வேலை தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். விலையை அதற்குப் பிறகு பேசலாம்.